இடது பக்கப் பொத்தான்

கத்தி விழுந்தபோது மணி மூன்று நாற்பத்திரண்டு. அன்ரியிடம் ஓடுவதற்கு முன் சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்த்தேன். முதலில் நேரம், பிறகு நடந்தது, கடைசியில் நான் நினைத்தது: என் நாட்குறிப்பை அந்த ஒழுங்கில்தான் எழுதுவேன். இப்போது அந்த ஒழுங்கே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சிறிய அச்சகத்தில் வேலை செய்கிறேன். கட்டி முடித்த புத்தகங்களின் ஓரங்களை வெட்டும் இயந்திரம் எங்கள் பகுதியில் இருக்கிறது. இரண்டு பக்கப் பொத்தான்களையும் இரண்டு கைகளாலும் ஒன்றாக அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கைகள் வெளியே இருக்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் இரண்டு மாதங்களாக இடது பக்கப் பொத்தான் அழுந்தியே நிற்கும்படி மடித்த புத்தக மட்டை ஒன்று செருகியிருந்தது. செருகியவர் மேற்பார்வையாளர் அலெக்ஸாண்டர் அண்ணை. இடது கை சும்மா இருந்தால் அடுக்கைப் பிடித்துக்கொள்ளலாம், வேலை கெதியாக முடியும்.

அன்று இயந்திரத்தில் நின்ற கனகாம்பிகை அன்ரியின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. சத்தம் வேறாக இருக்கவில்லை. தாள் வெட்டுப்படும் அதே சத்தம். முயல் படம் போட்ட சிறுவர் புத்தகங்களின் வெள்ளை ஓரத்தில் இரத்தம் ஏறி, பக்கம் பக்கமாக உள்ளே ஊறியது. அன்ரி கையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகுதான் கத்தினா. வெட்டுக் கீற்றுகளுக்குள் கையைவிட்டுத் துழாவினேன். ஒரு விரல் கிடைத்தது. சூடாக இருந்தது. மற்றது கிடைக்கவில்லை.

அலெக்ஸாண்டர் அண்ணை ஓடிவந்தார். முதலில் பொத்தானிலிருந்த மட்டையை இழுத்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். பிறகுதான் கையைச் சுற்றத் துவாயை எடுத்தார். அன்ரியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற வானுக்கு ஓடும்போது அவர் அழுததையும் நான் பார்த்தேன்.

மாலை வகுப்பில் நான் பதிப்பாசிரியர் வேலை படிப்பது அன்ரிக்குப் பெரிய பகிடி. "எடிற்றர் அம்மா, என்ர பேரையும் ஏதாவது ஒரு புத்தகத்தில போட்டுவிடுங்கோவன்" என்பா. இருபத்திமூன்று பதிப்பகங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: இன்ரேர்ன்ஷிப் செய்திருக்கிறீர்களா? நான்கு மாதம் சம்பளமில்லாமல் நிற்க என்னால் முடியாது. அது வெறும் சாட்டு, உனக்குத் திறமை காணாது என்று சில நாட்களில் எனக்கே தோன்றும்.

மறுநாள் காலை அன்ரியின் மகன் ரஜிதன் அச்சகத்துக்கு வந்து அலெக்ஸாண்டர் அண்ணையின் முன்னால் நின்றார்.

"மட்டையை ஆரடா செருகினது?"

"என்ன மட்டை, தம்பி? அம்மா பதட்டத்தில கதைக்கிறா."

ரஜிதன் அலெக்ஸாண்டர் அண்ணையின் பிடரியைப் பிடித்து முகத்தை இயந்திரத்தின் மேசையில் அடித்தார். இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது. மூன்றாவது அடிக்கு முன் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். சொல்லுங்கோ."

"நான் கவனிக்கேல்லை."

அவர் கையை எடுத்தார். "நீங்கள் நல்லா வருவியள்" என்றார்.

அவர் போனபின் அலெக்ஸாண்டர் அண்ணை இரத்தம் நிற்க வாயில் ரிஷ்யூவை வைத்துக்கொண்டு இரண்டு தாள்களை என் முன்னால் வைத்தார். ஒன்று நிரப்பாத விபத்து அறிக்கைப் படிவம். மற்றது கடிதம். இந்த அச்சகத்தில் நான்கு மாதம் எடிற்றிங் இன்ரேர்ன்ஷிப் செய்தேன் என்று அதில் இருந்தது.

"நீதானே உதெல்லாம் படிக்கிறனீ. வடிவா எழுது. மட்டை எண்ட சொல்லே வரக்கூடாது. எழுதி கனகாம்பிகையிட்டைச் சைன் வாங்கிக்கொண்டு வா, உந்தக் கடிதத்தில நான் சைன் வைக்கிறன். மெலனி ஒரு அசிஸ்ரன்ற் தேடுறா, நாளைக்கே கதைக்கிறன்." மெலனி எங்களிடம் புத்தகம் அச்சடிக்கும் பதிப்பகத்தின் ஆசிரியை. "உனக்கு இதுதானே குறை? நானும் பிள்ளைகுட்டிக்காரன், கௌசி."

அறிக்கையை மூன்று முறை எழுதினேன். முதலாவதில் மட்டை இருந்தது. இரண்டாவதில் அந்த வரியை வெட்டினேன். மூன்றாவதை வாசித்தால் அன்ரியே அவசரப்பட்டுக் கையை உள்ளே விட்டமாதிரி இருந்தது. ஒரு பிழையுமில்லாத, சுத்தமான ஆங்கிலம். இவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை.

பின்னேரம் வகுப்புக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரஜிதன் கோப்பி வாங்கக் கீழே போயிருந்தார். அன்ரியின் இடது கை ஒரு வெள்ளைப் பந்தாக மடியில் கிடந்தது. கிடைத்த ஒரு விரலையும் திரும்பப் பொருத்த முடியவில்லையாம்.

"அந்த மட்டைக் கதையும் எழுதினியோ, பிள்ளை?"

நான் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நீ எழுதினதெண்டால் சரியாத்தான் இருக்கும். எனக்கு உந்த இங்கிலீசு விளங்காது. எங்கை வைக்கிறது?"

இடத்தைக் காட்டினேன். வலது கையால் பேனாவை வாங்கினா. தாளைப் பிடிக்க இடது கை தானாக எழும்பியது; துணிப்பந்து பட்டுத் தாள் வழுக்கியது. இன்னொருமுறை முயன்றா. திரும்பவும் வழுக்கியது.

"கொஞ்சம் பிடி, பிள்ளை."

நான் என் இடது கையைத் தாளின்மேல் வைத்தேன். ஐந்து விரல்கள். அவற்றை நோக்கிப் பேனா மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.