ரெஜிஸின் நெட்டைப் பலகைகள்

எடையைக் குறைத்துச் சொல்பவர்களை ஒதீல் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். பாரிசிலிருந்து விடுமுறைக்கு வரும் ஆண்கள் உயரத்தில் இரண்டு விரற்கடையைக் கூட்டி, எடையில் ஒரு ஆட்டுக்குட்டியைக் கழித்துவிட்டுத்தான் அவள் கடையில் பனிச்சறுக்குப் பலகை கேட்பார்கள். அவர்களுக்காகவே கடை நடுவில் ஓர் எடைமேடையை வாங்கிப் போட்டிருந்தாள். ஆனால் எடையைக் கூட்டிக் காட்ட வந்த முதல் ஆள் மலை வழிகாட்டி ரெஜிஸ்தான்.

முதுகுப்பையைக் கழற்றாமலே அவன் மேடைமேல் ஏறி நின்றான். முள் எண்பத்தைந்தைத் தொட்டு நடுங்கியது.

“பார்த்தியா? பழைய எடைக்கு ஒரு கிலோதான் கம்மி.”

“பையில என்ன?”

“கயிறு, இரும்பு, தண்ணி. எப்பவும் கொண்டுபோறதுதான்.”

“எப்பவும் கொண்டுபோறதுன்னா போன வருஷம் பையோட நின்னிருந்தா நூறைத் தாண்டியிருக்கும்.”

ரெஜிஸ் இறங்கிப்போய், சுவரில் சாய்ந்திருந்த புதுப் பலகைகளைத் தடவிப் பார்த்தான். நூற்றுத் தொண்ணூற்றொரு சென்டிமீட்டர். வழிகாட்டி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் வேறு நீளம் போட்டதில்லை. இலையுதிர் காலத்தில் கிரெனோபிள் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத் தைத்துப் படுத்திருந்தபோதுகூட, பலகைக்கு “வழக்கம்போல” என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்பியிருந்தான். ஒதீலும் வழக்கம்போலவே வரவழைத்துவிட்டாள். படுக்கையில் கிடப்பவனுக்கு, நீ இனிமேல் அந்த ஆள் இல்லை என்று எப்படி எழுதுவது?

ஊருக்கு மேலே நிற்கும் மெய்ஜ் சிகரத்தின் வடக்குச் சரிவில் சமன்படுத்திய பாதை எதுவும் கிடையாது. மேலேயிருந்து ஊர்வரை தூள்பனியும் செங்குத்தும்தான். அங்கே பலகை நீளமாகவும் அகலமாகவும் இருந்தால்தான் ஆளை மிதக்கவைக்கும். குட்டையாகப் போனால் பலகையின் மூக்கு பனிக்குள் குத்திக்கொள்ளும். இது ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். நீளப் பலகையை வளைக்க எடை வேண்டும், வளையாத பலகை திரும்பாது என்பதும் தெரியும். ஆனால் அதைப் பெரியவர்கள் மறந்துவிடுவார்கள். ரெஜிஸின் உயரம் குறையவில்லை. பலகையை நிறுத்திப் பக்கத்தில் நின்றால் அதன் மூக்கு இன்றைக்கும் அவன் தலைக்கு மேல் நாலு விரல்தான் நின்றது. பார்வைக்கு அவ்வளவு பொருத்தம். சட்டைக்குள்ளேதான் ஆள் இல்லை. ஒதீலின் எடைதான் இப்போது அவனுக்கும் இருக்கும் என்று அவள் கண் சொன்னது.

“நாளைக்கு லோயிக் என்கூட மேலேர்ந்து கீழ வரைக்கும் வர்றான்,” என்றான் ரெஜிஸ்.

லோயிக் வழிகாட்டிகள் சங்கத்தின் தலைவன். ரெஜிஸுக்குப் பதினைந்து வயது இளையவன்.

“எதுக்கு?”

“கால் தாங்குதான்னு பார்க்க. தாங்கினா சனிக்கிழமைலேர்ந்து கூட்டிட்டுப் போக ஆளுங்க தருவானாம். இல்லன்னா இந்த வருஷம் வேணாமாம். சரிவுல பலகையைத் திருப்ப நான் கத்துக்குடுத்த பய. தரையைப் பார்த்துக்கிட்டே சொல்றான்.”

“அவனுக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.”

“இந்த வருஷம் போகலன்னா அப்புறம் நான் போகவே மாட்டேன் ஒதீல். எனக்குத் தெரியும்.”

அதுவும் ஒதீலுக்குப் புரிந்தது. எதிரேயிருந்த மதுக்கடையின் வெளிச்சுவரில் வழிகாட்டிகள் மாலையில் பலகைகளைச் சாய்த்து வைப்பார்கள். இடது மூலை ரெஜிஸுடையது. வரிசையிலேயே நெட்டையான ஜோடி அங்கேதான் நிற்கும். பருவம் தொடங்கி இத்தனை நாளாகியும் அந்த மூலையில் யாரும் பலகை வைக்கவில்லை. அது மரியாதையா, அஞ்சலியா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“குட்டையா ஒரு ஜோடி போட்டுப் பாரேன். பத்து சென்டிமீட்டர் குறைச்சு.”

“உன்னோட வெண்ணெய்க் கத்தி மாதிரியா?” அவன் சிரித்தான். அவளுடைய குட்டைப் பலகைகளுக்கு அவன் பல வருடங்களுக்கு முன் வைத்த பெயர் அது. “லோயிக் அதைப் பார்த்தான்னா கேபிள் கார்ல ஏறுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுவான். எடைதானே குறை? தோள்ல தூக்கிக்கிறேன், விடு.”

தோளில் தூக்கிய எடை சரிவில் ஆளைப் பின்னுக்கு இழுக்கும் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பிறகு அடக்கிக்கொண்டாள். இந்த மலையில் அவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. தெரிந்ததைத்தான் அவன் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தான்.

“சரி. பூட்ஸோடதானே வந்திருக்க? வா, தேவாலயத்துக்குப் பின்னாடி மேய்ச்சல் சரிவுல ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு வரலாம். எனக்கும் கால் மரத்துப் போச்சு.”

கதவில் ‘சூப் குடிக்கப் போயிருக்கிறேன்’ அட்டையை மாட்டிவிட்டு அவளும் தன் பலகைகளைத் தோளில் எடுத்துக்கொண்டாள்.

இரவு பெய்த பனி முழங்காலுக்கு மேல் கிடந்தது. ஏறும்போது ரெஜிஸின் மூச்சு விசில் போலக் கேட்டது. ஒதீல் இரண்டு இடத்தில் நின்று, அவிழாத பூட்ஸ் பட்டையை அவிழ்த்துக் கட்டினாள். மேலே போய்ச் சேர்ந்ததும், அவன் பலகையை மாட்டுவதற்குள் சொன்னாள்:

“ஒரு ஆசை. உன் நெட்டையை ஒரு தடவை நான் ஓட்டிப் பார்க்கட்டுமா? இத்தனை வருஷமா மெழுகு தேய்ச்சுக் குடுக்கிறேன், ஒரு நாளாவது மாட்டினதில்ல.”

“இதை நீயா?” அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. “மரத்துல போய் முட்டிக்காத.”

அவள் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, இரண்டு ஜோடியிலும் பூட்டுகளை நகர்த்திக் காலணிகளுக்குப் பொருத்தினாள். அவளுடைய வெண்ணெய்க் கத்திகள்மேல் ரெஜிஸ் ஏறி நின்றான். விருந்துக்குப் போனவன் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நெளிந்தான்.

ஒதீலின் திட்டம் சுலபமானது. பாதிச் சரிவில் ஒரு கல்வீடு இருக்கிறது. அதன் பக்கத்தில், பஞ்சுபோன்ற இடமாகப் பார்த்து விழுந்து வைக்க வேண்டும். இந்த எடைக்கு அந்தப் பலகை திரும்பாது என்பதை அவன் கண்ணே பார்த்துக்கொள்ளும்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. பலகைகள் பனிமேல் படகுபோல எழும்பின. கல்வீட்டுக்கு நேராகத் திரும்ப நினைத்து வெளிக்காலில் எடையை இறக்கினாள். பலகை கேட்கவில்லை. இன்னும் அழுத்தினாள். காலுக்கடியில் இருந்தது வளைகிற பொருளாகவே தெரியவில்லை, உத்தரக்கட்டை போலிருந்தது. வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனது. கல்வீடு பக்கவாட்டில் கடந்து போயிற்று. முன்னால் லார்ச் மரங்கள் கறுப்பாக வளர்ந்து வந்தன. இது நடிப்பு இல்லை என்று உறைத்த நொடியில் அவள் உடம்பை ஒருபக்கமாகத் தூக்கி எறிந்தாள்.

வாயிலும் காதிலும் பனி. ஒரு பலகை கழன்றுவிட்டது, மற்றொன்று காலை முறுக்கிப் பிடித்திருந்தது. தலை கீழ்ப்பக்கம் கிடந்ததால் சரிவு முழுவதும் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. உச்சியில் இரும்பு கலகலவென்று விழும் ஓசை. அவன் பையை வீசிவிட்டான்.

பிறகு ரெஜிஸ் வந்தான். நேராக இறங்கவில்லை, அப்படி இறங்கினால் அவள்மேல்தான் வந்து விழ வேண்டும். சின்னச் சின்ன வட்டமான திருப்பங்களில் வந்தான். ஒவ்வொன்றிலும் பனித்தூள் அவன் மார்புவரை எழுந்து அடங்கியது. யோசிக்க நேரமில்லாதவனின் கால்கள் தாமாகவே வேலை செய்தன. பயத்தை மறந்து ஒதீல் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அவன் பக்கத்தில் நின்று மண்டியிட்டு அவள் முகத்துப் பனியைத் துடைத்தான்.

“எலும்பு ஏதாவது?”

“எல்லாம் இருக்கு. காலை மட்டும் எடுத்துவிடு.”

“வளைச்சிருக்க வேண்டியதுதானே? கல்வீட்டுக்கிட்டயே?”

“வளைஞ்சாத்தானே ரெஜிஸ். நீயும் நானும் இப்ப ஒரே எடை.”

அவன் பூட்டைத் தட்டி அவள் காலை விடுவித்தான். தன் காலிலிருந்த பலகைகளைப் பார்த்தான். பிறகு, திரும்பி மேலே பார்த்தான். அவள் வந்த தடம் கோடு கிழித்ததுபோல நேராக மரங்களை நோக்கி வந்திருந்தது. பக்கத்தில் அவன் தடம், சரிவு முழுக்க நெளிந்து நெளிந்து. பை உச்சியில் ஒரு புள்ளியாகக் கிடந்தது. ஒதீல் கழுத்துக்குள் போன பனியை விரலால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“வேணும்னே விழுந்தியா?”

“விழணும்னுதான் கிளம்பினேன். கல்வீட்டுப் பக்கத்துல, நோகாம, அழகா. இது அது இல்ல. இது உன் பலகை தள்ளிவிட்டது.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு தையல் தழும்பை இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்தான். சிரித்து முடித்த பிறகும் முகத்தைக் கையுறையால் மூடியபடியே இருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கழன்ற பலகையைத் தேடப் போனாள். தேடி எடுக்கக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கேபிள் கார் வரிசை கடை வாசல்வரை நீண்டிருந்தது. ஒதீல் கதவைத் திறந்து வைத்துத் தூசி தட்டினாள். தட்டுவதற்குத் தூசி இல்லை.

“என்ன ரெஜிஸ், யார் பலகையை எடுத்துட்டு வந்துட்ட?” லோயிக்கின் குரல்.

“ஒதீலோடது.”

“ஏன், உன்னோடது வரலையா?”

“வந்திருக்கு. அதுக்கு நான்தான் இன்னும் வந்து சேரல.”

வரிசையில் இரண்டொருவர் சிரித்தார்கள். லோயிக் சிரிக்கவில்லை. பலகைகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சரி, வா,” என்றான். கண்ணாடிப் பெட்டி அவர்களைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் போயிற்று.

அன்று கடையில் ஒதீலுக்குக் கை ஓடவில்லை. இடதுகால் பூட்ஸை இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்தாள். மதியத்துக்கு மேல் வழிகாட்டிகள் ஒவ்வொருவராக இறங்கி வந்து சுவரில் பலகைகளைச் சாய்த்தார்கள். மூலை காலியாகவே இருந்தது. மெழுகு உருக்கும் இஸ்திரியை அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவளுடைய வெண்ணெய்க் கத்திகள் அங்கே நின்றன. மூக்கில் ஈரப்பனி ஒட்டியிருந்தது. பக்கத்தில் லோயிக்கின் பலகைகள் அவற்றைவிட ஒரு சாண் உயரமாகத் தெரிந்தன.

கதவு மணி அடித்தது. ரெஜிஸ் உதடு வெளுத்துப்போய், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சனிக்கிழமை ரெண்டு பேர். பெல்ஜியக்காரங்க. ஆனா அரைநாள்தான்.”

“லோயிக் என்ன சொன்னான்?”

“வழியில ஒரு இடத்துல, ‘கொஞ்சம் நின்னு போலாமா, மூச்சு வாங்குது’ன்னான்.”

“யாருக்கு?”

“அவனுக்கு.” சற்று நின்று சேர்த்துக்கொண்டான். “எனக்கும்தான். நான் வாயைத் திறக்கல.”

அவள் அவன் பக்கம் நாற்காலியைத் தள்ளினாள். அவன் உட்காரவில்லை. கடைச் சுவரில் நின்ற தன் நெட்டைப் பலகைகளைப் பார்த்தான்.

“அதைத் திருப்பி அனுப்பிடாத.”

“அனுப்பல.”

“உன்னோடதைக் கொஞ்ச நாளைக்கு…”

“வெச்சுக்கோ. பேரை மட்டும் மாத்து.”

ரெஜிஸ் முதுகுப்பையைக் கழற்றித் தரையில் வைத்தான். யாரும் சொல்லாமலே மேடைமேல் ஏறி நின்றான். முள் எழுபதைத் தாண்டி நின்றது.

“ஏறிட்டு வருது பார்,” என்றான்.

“பூட்ஸைக் கழட்டுடா,” என்றாள் ஒதீல்.

அவன் குனிந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினான்.