கேமராவுக்குக் கை காட்டியவர்

பல்கலைக்கழகத்துக்கு ஒருநாள் திடீரென்று ஊர் மேல் அக்கறை வந்துவிட்டது. இனி ஆராய்ச்சியெல்லாம் சுற்றுவட்டார மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி, தென்காசியில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து, எதை ஆராயலாம் என்று மக்களையே கூப்பிட்டுக் கேட்டார்கள். வடையும் டீயும் உண்டு. ஒருவர் எலுமிச்சையில் விழும் நோயைச் சொன்னார், ஒருவர் குளத்தில் மண்டிய ஆகாயத்தாமரையைச் சொன்னார். பேராசிரியர் காந்திமதிநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டச் செலவா ஆகிறது?

கடைசி வரிசையிலிருந்து ஆனந்தவள்ளி எழுந்தாள். குற்றாலத்துக்கு வடக்கே மலையடிவாரத் தோப்பில் காவல் இருந்த செல்லச்சாமியின் மனைவி. போன மாசியில் அவரை யானை அடித்துப் போட்டது.

"எங்க வீட்டுக்காரவுக குடிச்சிட்டுப் போயி யானைகிட்ட மாட்டினாவன்னு ஊரே பேசுது. அன்னைக்கு அவிய ஒரு சொட்டு தொடல. தோப்பு வழியில நீங்க மாட்டின கேமராவுல விழுந்திருப்பாவல்லா? அதப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மைக்கோடு நின்ற ஆராய்ச்சி மாணவி ஆஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கேமராவை மாட்டியவளே அவள்தான்.

யானைகளை எண்ணுவது அவளுடைய முனைவர் பட்ட வேலை. எதிரே ஏதாவது அசைந்தால் கேமரா தானாகப் படம் எடுக்கும். மாதம் ஒருமுறை போய் மெமரி கார்டைக் கழற்றி வந்து பார்ப்பாள். யானை, மிளா மான், பன்றி என்றால் வைத்துக்கொள்வாள். மனிதர் விழுந்தால் அழித்துவிட வேண்டும் என்பது விதி. செல்லச்சாமி சாயங்காலந்தோறும் விழுந்தார். தோளில் துண்டு, கையில் டார்ச், கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு, ஒரு கையசைப்பு. ஆரம்பத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்தாள், அழித்தாள், அடுத்த படத்துக்குப் போனாள்.

அவர் செத்த மாதத்துக் கார்டில் மட்டும் அவளால் எதையும் அழிக்க முடியவில்லை. கடைசிப் படத்தில் அவர் தள்ளாடாமல் நேராக வந்து கையை உயர்த்துகிறார். மங்கிய படத்தில் கண் இரண்டும் வெள்ளையாகத் தெரிகின்றன. அதற்கு முந்தின படத்தில் ஓர் ஒற்றைக் கொம்பன் யானை, அதே வழியாகத் தோப்புக்குள் இறங்குகிறது.

அதன்பின் வந்த கார்டுகளில், அவர் போகிற நேரத்துக்கு ஒரு வெறும் படம் விழுந்துகொண்டே இருந்தது. இலை ஆடினாலும் கேமரா எடுக்கும், அவளுக்குத் தெரியாததா? தெரிந்து என்ன செய்ய. அங்கே யாரோ நின்று கை காட்டிவிட்டு, இவள் பதிலுக்குக் காத்திருப்பது போலவே இருந்தது.

கூட்டம் கலைந்ததும் காந்திமதிநாதன் அவளைத் தனியே அழைத்தார். பொல்லாத மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"அவர் படத்தை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடும்மா. யானைப் படம் வேண்டாம். தெரிஞ்சும் சொல்லலன்னு எல்லாம் நம்ம தலையில விடியும்."

மறுநாள் சாயங்காலம் ஆஷிகா ஆனந்தவள்ளி வீட்டுக்குப் போனாள். செல்லச்சாமியின் படத்தைக் கையில் வாங்கிய ஆனந்தவள்ளி, விரலால் அவர் காலைத் தடவினாள்.

"எப்படி நேரா நிக்காவ பாரு. இனி எவன் வாயத் தொறப்பான்?"

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆஷிகா பையைத் திறந்து யானைப் படத்தையும் எடுத்து வைத்தாள்.

"இது எப்ப விழுந்தது?"

"அண்ணாச்சி வீட்டுலேந்து கெளம்புததுக்கு முன்னாடியேக்கா."

"அப்ப பாத்துக்கிட்டு இருந்தவிய ஏன் சொல்லல?"

"யாரும் பாக்கலக்கா. மாசத்துக்கு ஒருக்க நான் வந்து எடுத்தாத்தான் உண்டு."

"அந்தப் பக்கம் ஆளே கெடையாதா?"

"கெடையாதுக்கா."

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் ஆஷிகா வந்திருந்தாள். ஆனந்தவள்ளி குரலை உயர்த்தவே இல்லை.

"முன்னெல்லாம் அவிய தோப்புக்குள்ள நொழையதுக்கு முந்தி வெடி போடுவாவ, தகரத்தத் தட்டுவாவ. நீங்க கேமரா மாட்டினப்புறம் விட்டுட்டாவ. காலேஜ்காரவுக ராப்பகலா பாத்துக்கிட்டு இருக்காவ, யானை வந்தா போன் பண்ணிருவாவன்னு சொல்லுவாவ. அந்த நன்றிக்குத்தான் தினமும் கை காட்டுனது."

ஆஷிகா வாய்விட்டு அழுதாள். அழித்த படமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. ஆனந்தவள்ளி அவளைத் தேற்றவில்லை. வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தாள். வெயில் இறங்கிவிட்டிருந்தது.

"பொறவு அழு. நேத்துலேந்து நல்லகண்ணு அந்தத் தோப்புக்குக் காவலுக்குப் போறான். செல்லச்சாமி குடிகாரன், செத்தான், நமக்கென்ன, கேமரா இருக்குல்லான்னு சிரிச்சிட்டுப் போனான். ஏட்டி, ஓடு. அங்கன யாரும் இல்லன்னு அவன்கிட்ட போயிச் சொல்லு."

ஆஷிகா செருப்பைக்கூட மாட்டாமல் தோப்பு வழியில் ஓடினாள்.