முகம் வைக்கிற வேலை

சிறீதரன் சித்தப்பாவின் வாய்க்கு யாராவது ஒரு பூட்டுப் போட்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அவர் சுவிசில், இன்டர்லாக்கன் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். அடுப்படியில் நிற்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் என்னைப் பற்றித்தான் தம்பட்டம். "எங்கடை மதுஜா பாடனிலை ஒரு கொம்பனியிலை இருக்கிறாள். பழைய மங்கல் படங்களை எடுத்துத் தெளிவாக்கிக் குடுக்கிறதுதான் அவளுக்கு வேலை." இதைக் கோயிலில் சொன்னார், தமிழ்க்கடையில் சொன்னார், ஒரு செத்தவீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார்.

என் வேலை அது இல்லை. தொண்ணூறுகளில் வந்த ஒரு சண்டை விளையாட்டை இந்தக் காலத்துப் பெரிய திரைகளுக்காக நாங்கள் திரும்ப வரைந்துகொண்டிருந்தோம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று குத்தி, உதைத்து, ஒருவரை ஒருவர் விழுத்துகிற விளையாட்டு. பழைய திரையில் அவர்களுடைய தலை ஒரு பருப்பளவுதான். கண்ணுக்கு இரண்டு புள்ளி, மூக்குக்கு ஒரு புள்ளி, இடம் மிஞ்சினால் வாய்க்கு ஒன்று. அதை எவ்வளவு பெருப்பித்தாலும் பெரிய சதுரங்கள்தான் வரும், முகம் வராது. அதனால் அந்தப் புள்ளிகளுக்கு மேலே நாங்களாக ஒரு முகத்தை வைக்கிறோம். கையும் காலும் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் அடி எங்கே படும் என்கிற கணக்கு உள்ளே பழையபடிதான் ஓடுகிறது. முகம் மட்டும் எங்கள் இஷ்டம்.

டாம்ரோ என்று அதில் ஒரு மொட்டைத்தலை மல்லன். அவன் கன்னத்தில் ஒரு கறுத்த புள்ளி இருந்தது. அது தழும்பா, தாடியா, ஊத்தையா என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் வரைந்த மனுசனைத் தேடிப் பிடித்துக் கேட்டோம், அவருக்கே ஞாபகம் இல்லையாம். நான் தழும்பு வைத்தேன். மாதிரிப் படம் வெளியே போனதும் உலகம் முழுவதிலிருந்தும் கடிதம் குவிந்தது. அது தழும்பு இல்லை, நிழல், எங்கள் சின்ன வயதைக் கெடுத்துவிட்டீர்கள் என்று வளர்ந்த ஆம்பிளைகள் கையெழுத்துச் சேர்த்தார்கள். எங்கள் மேலாளர் ரேட்டோ அதற்காக ஒரு காலை முழுவதும் கூட்டம் வைத்தான். இல்லாத ஒருவனின் கன்னத்துக்கு இவ்வளவு பேர் அழுகிறார்களே என்று எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கிழமைதான் பரமேஸ்வரி அன்ரி என் வீட்டு மணியை அடித்தார். எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் இருக்கிறவர், ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. அவருடைய மகன் பிருந்தனை யுத்தம் முடிந்த 2009 மே மாதத்திலிருந்து காணவில்லை. புருசன் கூப்பிட்டு அன்ரியும் சின்ன மகளும் சுவிசுக்கு வந்தபோது பிருந்தனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது, பிள்ளை என்ற கணக்கில் விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் வன்னியில் பெரியம்மாவோடு நின்றுவிட்டான். அதற்கு முந்தி, யுத்தம் ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் நாங்கள் ஊருக்குப் போனபோது அவன்தான் எனக்குச் சைக்கிள் ஓட்டக் காட்டித் தந்தவன்.

அன்ரி ஒரு படத்தை மேசையில் வைத்தார். நான் முன்னமே கண்ட படம், இணையத்தில் எல்லோருடைய கைக்கும் வந்த படம். யுத்தம் முடிந்த நாட்களில் யாரோ ஒரு ஆமிக்காரன் கைத்தொலைபேசியில் எடுத்தது. அகப்பட்ட பெடியன்கள் வரிசையாக நிலத்தில் குந்தியிருக்கிறார்கள். கைகள் தலைக்குப் பின்னால். இரண்டாவது வரிசையில் ஓரமாக இருக்கிறவனை அன்ரி விரலால் தொட்டார்.

"இவன்தான். தோளைப் பார், அவன்ரை தோள். ஜெனீவாவிலை ஒரு ஒஃபிஸிலை குடுத்தனான். படம் தெளிவில்லையாம், இதை வைச்சு ஒண்டும் கேக்க ஏலாதாம். தெளிவா இருந்தாக் கொண்டு வரட்டாம். நீ ஆக்கித் தா பிள்ளை."

"அன்ரி, இது ஏலாது."

"சிறீதரன் அண்ணை சொன்னவர், நீ இதுதான் செய்யிறனி எண்டு."

சித்தப்பாவை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பிறகு கணினியைத் திறந்து டாம்ரோவைக் காட்டினேன். இடது பக்கம் பழைய பருப்பு, வலது பக்கம் நான் வைத்த முகம். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்தப் புருவம் எங்கையிருந்து வந்தது?"

"நான் வைச்சது."

"தழும்பு?"

"அதுவும் நான்தான். பழைய படத்துக்குள்ளை ஒண்டும் ஒளிஞ்சு கிடக்கேல்லை அன்ரி. தோண்டி எடுக்கிற வேலை இல்லை இது. கீறி வைக்கிற வேலை."

அவருக்கு விளங்கியது. விளங்கியதும்தான் கோபம் வந்தது.

"ஆரும் தேடாத ஒருத்தனுக்குத் தழும்பு முதற்கொண்டு வைச்சுக் குடுத்திருக்கிறாய். என்ரை பிள்ளைக்கு ஒரு மூக்கு வைக்க உனக்குக் கை வருகுதில்லை, என்ன? அவன்ரை முகம் உனக்குத் தெரியும். நீ கண்டனி."

"அதாலைதான் மாட்டன் எண்டுறன். நான் வைச்சா அது பிருந்தன்ரை மூக்கு. இந்தப் படத்திலை இருக்கிற பெடியன்ரை மூக்கு இல்லை. இதைக் கொண்டுபோய்க் குடுத்து, கீறினதெண்டு கண்டுபிடிச்சினமெண்டா, பிறகு ஆற்றை படத்தையும் நம்பமாட்டினம். உண்மையான படங்களையும் சேத்துத் தூக்கி எறிவினம்."

நான் சொன்னது சரி. ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. அன்ரி தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார். அதன் பிறகு படிக்கட்டில் கண்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். சரியாகச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது அதுதான். அடுத்த நாள் வேலைக்குப் போய் டாம்ரோவின் தழும்பை நிழலாக்கினேன். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் நன்றி எழுதினார்கள்.

மார்ச் மாதம் ஜெனீவாவில் காணாமல் போனவர்களுக்காக ஊர்வலம். பாடனிலிருந்து பஸ் ஒழுங்கு செய்திருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, வீட்டுக்கு ஒருவராவது போக வேண்டும் என்று என்னை அனுப்பினார். ஐ.நா. கட்டடத்துக்கு எதிரே உள்ள மூன்று கால் நாற்காலிச் சிலைக்கு முன்னால் சனம் நிறைந்து நின்றது. குளிரில் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பரமேஸ்வரி அன்ரி ஆள் உயரத்தில் ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதே வரிசை, அதே பெடியன்கள். எல்லோரும் மங்கலாக இருக்க, இரண்டாவது வரிசை ஓரத்தில் இருக்கிறவனுக்கு மட்டும் முகம் இருந்தது. பளிச்சென்ற வெள்ளை முகம், வழவழப்பான கன்னம், வாரிய தலை.

அது யாருடைய கை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தவராஜா. கலியாணவீடு, பெட்டைகள் பெரியபிள்ளையானால் வைக்கிற சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் படம் பிடிக்கிறவர். பாடனைச் சுற்றி உள்ள எந்தப் பெட்டையும் சாமத்தியவீட்டு அல்பத்தில் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் ரோஸ் நிறத்தில்தான் நிற்பாள். யுத்தத்தில் அகப்பட்டு வெறும் நிலத்தில் இருக்கிற பிள்ளைக்கும் அந்த மனுசன் கறுப்பைக் குறைத்திருக்கிறார். அவர் ஓரமாகக் கமெராவோடு நின்றார். நேரே போனேன்.

"இது என்ன அண்ணை வேலை?"

"சனம் வந்து அழுதா என்ன செய்யிறது, தங்கச்சி? நீர் மாட்டன் எண்டு அனுப்பினீராம்."

"வெள்ளையடிக்கச் சொல்லியும் அழுதவையோ?"

அவர் கமெராவைத் துடைக்கத் தொடங்கினார். இன்னும் நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருவர் என் கையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். எனக்குத் தெரியாத முகம், அம்மாவின் வயது, ஹோட்டல்காரர் கொடுக்கிற தடித்த கறுப்பு ஜக்கெட்.

"நீதானே சிறீதரன் அண்ணையின்ரை பெறாமகள் மதுஜா? நான் கஜலக்சுமி, இன்டர்லாக்கனிலை அவரோடை வேலை செய்யிறனான். அந்தப் பதாகையை இப்ப ஃபோனிலை எடுத்து அவருக்கு அனுப்பினனான், படம் நீ செய்ததெண்டு சொன்னவர்."

சித்தப்பா! நான் இல்லை என்று சொல்வதற்குள் அவர் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். உள்ளங்கை அளவு, பிளாஸ்டிக் ஒட்டி, ஓரமெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அதே படம். முகம் வைக்காத படம். அவருடைய விரலும் இரண்டாவது வரிசை ஓரத்துக்குத்தான் போனது.

"இது என்ரை நிரோஜன். நான் கண்ட நாளிலையிருந்து கையோடை கொண்டு திரியிறன். நீ ஏன் பிள்ளை இவனுக்கு வேறை ஆற்றையோ மூக்கை வைச்சனி?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பரமேஸ்வரி அன்ரி பதாகையோடு எங்கள் பக்கம் திரும்பிவிட்டார், அவருக்கும் கேட்டுவிட்டது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அது கீறிய முகம் என்று நான் சொன்னால், சனத்துக்கு முன்னால் ஒருத்தியின் கையிலிருந்து பிள்ளையைப் பறிக்கிறேன். சும்மா நின்றால் மற்றவளின் பிள்ளையைப் பறிக்கிறேன். இந்த வேலையைச் செய்தவன் கமெரா துடைக்கிறான், இதற்கு வழி செய்தவர் இன்டர்லாக்கனில் வெங்காயம் வெட்டுகிறார், படம் தெளிவில்லை என்றவர்கள் எதிரே அந்த ஐ.நா. கட்டடத்துக்குள்ளே சூடாக இருக்கிறார்கள். பதில் சொல்ல நான் வேண்டுமாம்.

"அது ஆரும் இல்லை அன்ரி," என்று கஜலக்சுமி அன்ரிக்குச் சொன்னேன். "உங்கடை மகனும் இல்லை, வேறை ஆற்றையும் மகனும் இல்லை. கீறி வைச்சது. நான் கீறேல்லை, ஆனா ஆர் கீறினாலும் அப்பிடித்தான். அந்த முகம் பொய்."

சொல்லிவிட்டுப் பரமேஸ்வரி அன்ரியைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் பதாகையை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? தவராஜாவுக்குப் பக்கத்திலை இருந்து மூக்கைச் சொன்னது நான். கண்ணைச் சொன்னது நான். அவங்கள் தெளிவாக் கொண்டு வா எண்டவங்கள். கொண்டு வந்திருக்கிறன். இப்ப என்ன சொல்லுறாங்களெண்டு பாப்பம்."

கஜலக்சுமி அன்ரி பதாகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன்னுடைய சின்னப் படத்தைப் பார்த்தார். பெருவிரலால் அந்தப் பிளாஸ்டிக்கை ஒரு தடவை துடைத்தார்.

"அப்ப," என்று என்னைக் கேட்டார், "இதிலை இருக்கிறது இன்னும் என்ரை பிள்ளைதானே?"

புள்ளிக்குள் முகம் இல்லை என்று உலகத்துக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். அந்த மங்கலில் இருப்பது நிரோஜன் என்று சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் இல்லை.

"ஓம் அன்ரி."

பரமேஸ்வரி அன்ரி கண்ணை என்னிடமிருந்து எடுக்கவில்லை.

"உங்கடையும்தான்," என்றேன்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான், இன்றைக்கும் எங்கேயோ சாப்பிட்டுத் தூங்கி எழும்புகிறான். இந்தப் பெண்களுக்கு முன்னால் நான் நின்ற அதே தூரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு முகமாகத் தெளிவாகப் பார்த்துவிட்டுத்தான் அவன் அந்தப் படத்தை எடுத்தான்.