மூன்று மணிவரை வாய்ப்பூட்டு

தலைவருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கவுன்சிலர், நகராட்சித் தலைவர், இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினர், தோற்றபின் மறுபடி கவுன்சிலர் என்று ஏறியும் இறங்கியும் காலம் முழுக்க அரசியலிலேயே ஓட்டியவர். இந்த முறை அவருடைய வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதனாலென்ன, வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே என்று மனைவியை நிறுத்தி, தன்னையே அவளுடைய தேர்தல் ஏஜென்ட்டாகப் பதிந்துகொண்டார். கையெழுத்து அவள் போடுவாள், காரியத்தை நாம் பார்த்துக்கொள்வோம் என்பது அவர் போட்ட கணக்கு.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஓட்டுக் கேட்கப் போகும் வீடுகளில் அவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மனுவை வாபஸ் வாங்கிவிடுவாள். வாபஸுக்குக் கடைசி நேரம் இன்று மூன்று மணி. அவள் சொன்னதைச் செய்கிறவள் என்பது கல்யாணமான புதிதிலேயே அவருக்குத் தெரிந்துபோன விஷயம். மூன்று மணிவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் அப்புறம் யார் தடுப்பது?

சும்மா சொல்லக் கூடாது, மத்தியானம்வரை மனுஷர் சமாளித்தார். யாராவது குறை சொன்னால் நாக்கு நமநமவென்றது. கும்பிட்ட கையைப் பிரிக்காமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அடிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டரை மணி வாக்கில் தையற்காரம்மா வீட்டுக்குப் போனார்கள். வாசலில் சாக்கடை முட்டிக்கொண்டு நின்றது. மழை பெய்தால் தண்ணீர் தையல் மெஷின்வரை வந்துவிடுகிறது என்றாள் அந்தம்மா. மனைவி குனிந்து பார்த்தாள். பெரிய ரோட்டுக் குழாயை மாற்றாமல் இதைத் தொட்டுப் பிரயோஜனமில்லை, இந்த வருஷம் முடியாது என்று பட்டென்று சொல்லிவிட்டாள். ஓட்டுக் கேட்க வந்த இடத்தில் முடியாது என்பதா! இந்தத் தெருவே போச்சு என்று தலைவர் நினைப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஒரே மாசம்மா, செஞ்சிடலாம்."

தையற்காரம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை. "நான் இந்த வீட்டுக்குக் குடி வந்தப்பவும் ஐயா இதையேதான் சொன்னாங்க," என்றாள் மனைவியிடம்.

மனைவி விடுவிடுவென்று நடந்தாள். தேர்தல் அலுவலகம் இரண்டு தெரு தள்ளித்தான். தெரியாமல் வந்துவிட்டது, பழக்கதோஷம், ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடாதே என்று தலைவர் மூச்சிரைக்கக் கெஞ்சிக்கொண்டே ஓடினார். அவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வெளியே மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தார், எழுந்தார், கண்ணாடிக் கதவில் எட்டிப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். உள்ளே கடிகாரம் மூன்றைத் தாண்டியது. அவள் வெளியே வந்தாள்.

"வாபஸ் வாங்கிட்டியா?" என்று எழுந்து ஓடிவந்தார்.

"மனு அப்படியேதான் இருக்கு. உங்களைத்தான் ஏஜென்ட்டுலேர்ந்து எடுத்துட்டேன். என் தங்கச்சி பாத்துக்குவா."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது. யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று அதிகாரியிடமே சண்டை போடக் கிளம்பினார். வாசலில் நின்ற இளவயதுக் காவலர் கையை நீட்டி மறித்தார்.

"வேட்பாளரும் ஏஜென்ட்டும்தான் உள்ள போகலாம். நீங்க யாரு சார்?"

"நான்..." என்று ஆரம்பித்தார் தலைவர். நாக்கில் வந்த பட்டங்களுக்கெல்லாம் முன்னால் 'முன்னாள்' என்று சேர்க்க வேண்டியிருந்தது. மனைவி படியிறங்கி அடுத்த தெருவுக்குப் போகத் தயாராக நின்றாள்.

"வேட்பாளரோட வீட்டுக்காரர்," என்றார்.