ஈரண்ணாவின் பக்கம்

இறந்துபோன ருத்ரேஷைக் குல வழக்கப்படி கூடத்துச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டிருந்தார்கள். சுவர்ணா கணவரின் தோளில் சால்வையைச் சரிசெய்தபோது உள்ளறையிலிருந்து மகள் அக்ஷதா கூப்பிட்டாள்.

“அவ்வா, கொஞ்சம் வாயேன். அப்பாவோட வெப்சைட் படுத்துக்கிடக்கு.”

விடியற்காலையில் தேநீர் கொதிக்கும்போது அவர் உற்சாகமாகக் கத்தியது சுவர்ணாவின் காதில் இன்னும் இருந்தது. “புதுசு வந்தாச்சு, பழசைத் தூக்கிடறேன்!” டம்ளரோடு அவள் போனபோது நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தார்.

தார்வாட் ஊரே மழையைப் பற்றிப் பேசினாலும் இவர் மட்டும் தன் வெப்சைட்டை எந்த மென்பொருளில் வைப்பது என்றுதான் பேசுவார். இது வேகம், அது எளிது, இன்னொன்று காசே கேட்காது. வருஷத்துக்கு ஒன்று மாற்றுவார். மாற்றியதும், ‘புது மென்பொருளுக்கு மாறிவிட்டேன்’ என்று ஒரு கட்டுரை எழுதுவார். அதைத் தவிர அங்கே வேறு கட்டுரையே கிடையாது. “வாசக்கதவையே மாத்திக்கிட்டிருக்கீங்களே, வீட்டுக்குள்ள என்னிக்குக் குடிவரப் போறீங்க?” என்று அவள் கேட்டால் சிரிப்பார்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் எல்லா மாற்றத்திலும் கூடவே வந்தது. ஈரண்ணா, கல்லூரி லேபில் அவரிடம் படித்து, பைக் விபத்தில் போன பையன். அவன் முதன்முதலாகச் செய்து பார்த்த பக்கம் அது. அவன் போட்டோ, பிடித்த பயில்வான்களின் பெயர்கள், அடியில் மண்வெட்டியோடு ஒரு பொம்மை, ‘வேலை நடக்கிறது’ என்ற வரி. கதகில் இருக்கும் அவன் அம்மா சங்கவ்வா தினமும் காலையில் பூஜை முடிந்ததும் அதைத் திறந்து பார்ப்பாள். படிக்கத் தெரியாது. போனில் ருத்ரேஷ் பதித்துக் கொடுத்த படத்தைத் தொடுவாள், மகன் வருவான். எந்த மென்பொருளைப் பார்த்தாலும் அந்தப் பழைய முகவரி தப்பிக்குமா என்பதுதான் ருத்ரேஷின் முதல் கேள்வி. தப்பிக்காது என்றால், எவ்வளவு அழகாயிருந்தாலும் தள்ளிவிடுவார். அந்தப் பிடிவாதத்தைப் பார்க்கும்போதெல்லாம் சுவர்ணாவுக்குக் கேலி மறந்துபோகும். இப்படியும் ஒரு மனுஷனா என்று இருக்கும்.

“ரெடிமேடா ஒண்ணு இருக்கு அவ்வா. பத்தே நிமிஷத்துல ஏத்திடலாம். அடக்கம் எத்தனை மணிக்குன்னும் அதுலயே போட்டுடலாம்.”

“முகவரி?”

“பக்கத்தோட முகவரி மாறும்.”

“அப்ப வேண்டாம்.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க, அவ்வா.”

“அவங்களுக்குப் போன்ல சொல்லு. சங்கவ்வாவுக்கு இன்னும் நான் சொல்லல. சாரும் போயிட்டார், மகனும் வரமாட்டான்னு ஒரே நாள்ல அவகிட்ட எந்த வாயால சொல்றது?”

அக்ஷதா தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பாதியில் விட்ட மென்பொருள் எதற்கும் மசியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஓரங்கட்டினாள். “இது சாதாப் பக்கம். இதுக்கு ஒரு மென்பொருளும் வேண்டாம்” என்று, பையன் எழுதிய கோப்பை அப்படியே பழைய இடத்தில் வைத்தாள்.

திரையில் மண்வெட்டிப் பொம்மை வந்தது. அப்பாவின் கட்டுரை ஒன்றுகூட இல்லை. வெப்சைட் முழுக்க ஈரண்ணா மட்டும்தான்.

“இத்தனை வருஷமா இதுக்கா இந்தப் பாடு?” அக்ஷதா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“இதுக்குத்தான்” என்றாள் சுவர்ணா.

சங்கவ்வாவிடம் இனிமேல் சொல்லலாம். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், பஜனைக்காரர்களைத் தாண்டிச் சங்கவ்வாவே நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸில் வந்த புடவை கசங்கியிருந்தது.

“யார் சொன்னாங்க, சங்கவ்வா?”

“யாரும் சொல்லல அக்கா. காலைல பையன் வரல. தொட்டுத் தொட்டுப் பாத்தேன், வரல. சார் இருக்கறவரைக்கும் அப்படி ஆகாதே. பஸ் ஏறிட்டேன்.”

அக்ஷதா ஓடிவந்தாள். “இப்ப வருதும்மா. தொட்டுப் பாருங்க.”

“இருக்கட்டும் தாயீ. அவனை அப்புறம் பாத்துக்கறேன்.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய் ருத்ரேஷின் எதிரே உட்கார்ந்தாள். மடியிலிருந்து சரிந்திருந்த அவர் கையை எடுத்து வைத்து, நழுவாமல் பிடித்துக்கொண்டாள். சுவர்ணா சற்று நகர்ந்து இடம் விட்டாள்.