மீட்டரம்மா கொடுத்த தாள்

தபால் நிலையத்தின் அடித்தளத்தில், தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்த இரும்புப் பெட்டியின் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாளாக இதே நேரத்துக்கு வருகிற செருப்புதான். லேத் பட்டறைக்காரர்.

நிலம் ஆடிய மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து அவளை அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் பதிவான ஆட்டத்தை எடுக்க வேண்டும். தெருத் தெருவாகப் போய், எந்த வீடு எவ்வளவு சேதம் என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை குறி போட வேண்டும். நிலநடுக்கப் பதிவு என்றால் யாருக்கும் பிடிபடவில்லை. மீட்டர் பார்க்க வந்திருக்கிறேன் என்று ஒருவரிடம் வாய்தவறிச் சொன்னாள். அன்று மாலைக்குள் கூடார முகாம் முழுக்க அவள் மீட்டரம்மா ஆகிவிட்டாள். "மீட்டரம்மா, கரண்ட் எப்ப வரும்?" என்று நாலு பேர் கேட்டார்கள். அந்த ஊரில் அந்த வாரம் சிரிப்பதற்கு இருந்தது அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் கடைசிப் படியிலேயே நின்றார்.

"இன்னைக்காவது சொல்லுங்கம்மா. எங்க தெருவுல எவ்வளவு?"

முதல் நாள், கணக்கு முடியவில்லை என்று சொன்னாள். அது உண்மை. இரண்டாம் நாளும் அதையே சொன்னாள். அது பொய். அவருடைய வீட்டுக்கு நான்கு என்று குறி போட்டு, உள்ளே போகக் கூடாதென்று சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டதே அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் கீழ்த்தளத்தின் முன்சுவரை இடித்துவிட்டுப் பட்டறை போட்டிருந்தார். கல்யாணம் நிச்சயமான மகனுக்காக அதன் மேலேயே ஓர் அறை எழுப்பினார். இராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து காலை பத்து மணிக்கு அந்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த பையனை இடிபாட்டிலிருந்து சாயங்காலம்தான் எடுக்க முடிந்தது. எதிர்வீட்டு வாத்தியார் வீட்டில் மூலையில் ஒரு விரிசல், அவ்வளவுதான். ஊரே அதைப் பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் போலிருந்தது. அவர் மனைவியோ கூடாரத்துணிப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தவள் படுத்தவள்தான்.

"நான் நூல் கணக்குல வேலை பாக்கறவன்மா. அரை நூல் பிசகினாப் பீஸைத் தூக்கி எறிஞ்சிடுவேன். பெருசு பெருசுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு நம்பர் வேணும். எந்த வீடா இருந்தாலும் விழுந்திருக்குமா, இல்ல..."



எண் அவளிடம் இருந்தது. இந்த ஊரில் இருந்த ஆட்டத்துக்கு ஆறு பேர்வரை சாகலாம் என்பது தலைமை அலுவலகத்தின் மதிப்பீடு. செத்தவர்கள் முப்பத்தொரு பேர். நடுவில் இருக்கும் இருபத்தைந்து பேரைக் கொன்றது நிலமல்ல, இப்படிப்பட்ட சுவர்கள் என்று அவள் அறிக்கையில் எழுதியாகிவிட்டது. அதை இந்த மனுஷனின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? லேத்தில் நிற்கிறவரின் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்புக்குப் பதில் சுண்ணாம்பு வெள்ளை ஏறியிருந்தது. கையால் தோண்டியிருக்கிறார்.

அவள் ஒரு தாள் எடுத்து, நிலநடுக்கத்தின் மொத்த அளவை எழுதினாள். ஆறு புள்ளி எட்டு. 'மிகக் கடுமையானது.' கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

"இத்தனை பெருசுக்கு எதுதான் நிக்கும்?" என்றார் தாளைப் பார்த்தபடி. அவள் ஆமென்று தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. அன்று மதியம்தான் அவள் ஒரு வேளைச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டாள்.

தாள் கொடுத்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது; மூன்றாம் நாளும் விடவில்லை. தெருமுனையில் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவளிடம் ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் துணிகூடப் போடவில்லை.

"நீங்கதான் மீட்டரம்மாவா? நான் பட்டறைக்காரர் வீட்டுல."

"சொல்லுங்கக்கா."

"நீங்க குடுத்த தாளை அவரு கூடாரம் கூடாரமாக் காட்டிட்டு வந்தாரு. வீட்டு மேல தப்பில்ல, கவர்மெண்டே எழுதிக் குடுத்திருச்சுன்னாரு. பின்பக்கம் ரெண்டு ரூம் நிக்குதில்ல, அதுல முட்டுக் குடுத்துப் பாய் தலகாணியெல்லாம் கொண்டுபோய்ப் போட்டுட்டாரு. கூடாரம் ஒழுகுதுன்னு சின்னவளையும் நேத்து அங்கதான் படுக்க வச்சாரு."

"சிவப்புக் குறி போட்டிருந்தோமே?"

"சாந்து பூசிட்டாரு." அவள் முகத்தில் வழிந்த மழையை வழித்துப் போட்டாள். "நான் அவரை ஒரு வார்த்தை கேக்கலம்மா. கேட்டா உடைஞ்சு போயிடுவாருன்னுதான் வாயைக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். ஆனா இருக்கற ஒண்ணையும் என்னால தூக்கிக் குடுக்க முடியாது. நீங்க வந்து சொல்லுங்க."

பின்னறையில் அவர் முட்டுக்கட்டைக்கு அடியில் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். சின்ன மகள் பாயில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்கம்மா" என்றவர், மனைவியைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஐயா, அந்தத் தாள்ல இருக்கறது இங்கிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி, பூமிக்குள்ள நடந்ததோட அளவு. உங்க தெருவுல அவ்வளவு இல்ல."

"எவ்வளவு?"

"வீட்டோட எடையில ஆறுல ஒரு பங்கு. அவ்வளவு பலம்தான் பக்கவாட்டுல தள்ளியிருக்கு."

அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்பதுபோல் கேட்டார்: "முன்சுவர் இருந்திருந்தா?"

"விரிசல் விட்டிருக்கும்."

"நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்."

அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தாய், மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். சின்னவள் தலையணைகளை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"இன்னும் ஆடும் ஐயா. இந்தச் சுவருக்கு அதுல பாதி போதும். வாங்க."

"நீங்க போங்கம்மா." முட்டுக்கட்டையில் சாய்ந்து அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

வாசல்வரை போன மனைவி திரும்பி வந்தாள். அவரை இழுக்கவில்லை. அவர் பக்கத்தில், அதே சுவருக்குக் கீழே உட்கார்ந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சின்னவ வெளிய நனையுறா."

மீட்டரம்மா நிலைப்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றாள். தெருவில் சின்னவள் இரண்டு பக்கத்துச் சுவர்களையும் மாறி மாறி அண்ணாந்து பார்த்து, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தாள். எது சரிந்தாலும் தன்மேல் விழாத ஓர் இடம் வந்ததும், தலையணைகளோடு அங்கேயே நின்று, வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.