வசவுக்குத் துளிர்க்கும் செடி

பல்செட்காரர் வீட்டுச் செடிக்கு வாரம் ஒரு முறை தண்ணீரும் தினம் ஒரு வசவும் தேவைப்பட்டன. தண்ணீர் தவறினால் பொறுத்துக்கொள்ளும். வசவு தவறினால் இலையை உதிர்த்துவிடும். இது தெரியவருவதற்குள் அது செத்துப் பிழைத்தது.

அவரும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. மனைவியின் அக்கா ஆஸ்பத்திரியில் கவலைக்கிடமாக இருப்பதாக ஒரு காலை வந்த போனை எடுத்தவர் அவர்தான். அப்போது வீட்டு முன்னறையில் யாரோ ஒருவருக்குப் பல்செட் கட்டுவதற்காகக் கீழ்த்தாடை அச்சில் மெழுகு வைத்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார், முடித்ததும் சாயங்காலம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா உயிரோடு இல்லை. அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, அன்றோடு பேச்சு நின்றது. மகள் நடுவில் தூது போனாள். கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் அவளை விடவில்லை. பக்கத்து அறையில் பல் ராவிக்கொண்டிருக்கும் புருஷனுக்கு கேஸ் தீர்ந்துபோன விஷயத்தைச் சொல்ல, அம்மா வெளியூருக்குப் போன் போடுவாள்.

மகள் மாசமாக இருந்தபோது ஒரு செடியோடு வந்தாள். "இனிமே நான் நடுவுல பேச மாட்டேன். இதையாவது ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். விற்றவன் ரோஜா வகை என்றானாம். அடித்தண்டு தொந்தி போட்டிருந்ததைத் தவிர அதில் விசேஷமாக ஒன்றுமில்லை. ரோஜாவாயிற்றே என்று அவள் காலையில் தண்ணீர் ஊற்றினாள். அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று அவர் மாலையில் ஊற்றினார். பேசிக்கொள்கிற வீட்டில் இது நடக்காது. இலை பழுத்துக் கொட்டியது, தொந்தி தொட்டால் அமுங்கியது.

பல் அளவெடுக்க வந்த தோட்டக்கலை அதிகாரிதான் அதை அடையாளம் கண்டார். வாயில் அச்சுப் பசை இறுகும்வரை கையை ஆட்டி ஆட்டிச் செடியைக் காட்டினார். பசையை எடுத்ததும், "இது ரோஜா இல்லைங்க. பாலைவன ரோஜான்னு பேருதான், அரளிக் குடும்பம். இதோட பால் விஷம், அம்பு நுனியில தடவுவாங்க. கையில பட்டா கழுவுங்க. வெயில்ல வைங்க, மண்ணு நல்லாக் காஞ்சப்புறம் ஊத்துங்க" என்றார். பல்செட்காரர் கையுறை போட்டு, அழுகிய வேரை வெட்டி எறிந்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் நட்டார். அது மொட்டைக் குச்சியாக நின்றது.

அப்போதுதான் அவள் தன் கத்தியைத் தேடி வந்தாள். "காய் நறுக்குற கத்தியில விஷச் செடிய வெட்டுவாங்களா யாராவது? மூளைய எங்க அடகு வெச்சீங்க?" இத்தனை வருஷத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. அவள் வாயை மூடுவதற்குள் குச்சியின் நுனியில் ஓர் இலை வந்தது. இருவரும் பார்த்தார்கள். மறுநாள் அவர் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுத் திட்டு வாங்கினார், இன்னோர் இலை வந்தது. அவருக்கு அது பிடித்துப்போயிற்று. தினம் ஒரு தப்புச் செய்துவைத்துவிட்டு நல்ல பிள்ளையாகக் காத்திருந்தார். அவளுக்கும் தெரியாமல் இல்லை, ஆனாலும் குறை வைக்காமல் திட்டினாள்.

செடி புதராக வளர்ந்தது, பூ மட்டும் இல்லை. மொட்டு வைத்து வைத்துக் கருகியது. இதற்கிடையில் மகள் கொடுத்த வாக்கை மீறி அப்பாவுக்குப் போன் செய்தாள். பிரசவத்துக்கு வருகிற அம்மா திரும்பிப் போகிற உத்தேசத்தில் இல்லை என்றாள். அன்றைக்கு வீடெல்லாம் செருப்புக் காலோடு நடந்து பார்த்தார். அவள் பேசாமல் துடைத்தாள்.

புறப்படும் நாளில் அவள் பெட்டியைக் கதவருகே வைத்துவிட்டு நின்றாள். "அன்னிக்கு என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். குரல் உயரவே இல்லை. மொட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் விரிந்தன, பல்செட்டின் ஈறு நிறத்தில், இலை மறைகிற அளவுக்கு. அவர் பூவைப் பார்க்கவில்லை.

"பயமா இருந்துச்சு. அதைக் கேட்டா உன் மூஞ்சி எப்படிப் போகும்னு நெனச்சேன். வேலை இருந்துச்சுன்னு இல்ல. எனக்குத் தைரியம் வரல."

அவள் நெடுநேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு ரயிலுக்குப் போனாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. இரண்டு நாளில் செடி இலையை உதிர்க்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் மாலை போன் வந்தது. "செடி எப்படி இருக்கு?" கொட்டுகிறது என்றார். "போனை அதுகிட்ட வைங்க" என்றாள். பால் பொங்கி வழிந்த அடுப்பு, ஏழு வருஷத்துக்கு முன்னால் தொலைத்த குடை, கையுறை போடாமல் செடியைத் தொட்டிருப்பார் என்ற சந்தேகம் என்று ஒன்றுவிடாமல் வாங்கிக்கட்டிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலை வந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு மணி அடித்தது, அடுத்த நாளும்.

ஒரு மாலை பேத்தி அழுகிற சத்தத்துக்கு நடுவே திட்டி முடித்துவிட்டு, போனை வைக்காமல் இருந்தாள். "சாப்ட்டீங்களா?" என்றாள். அதற்கு இலை எதுவும் வரவில்லை. அவர் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் இல்லை என்றார்.